ஞாயிற்றுக்கிழமைக் குழு

வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிப்பது எவ்வளவு வசதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. லீவு போட வேண்டாம், வகுப்புக்கு அலைய வேண்டாம். நேரம் கிடைக்கும்போது பாடம் கேட்கலாம். முடியாவிட்டால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடலாம். உங்கள் மென்பொருள் முதுகலைப் படிப்பில் நான் சேர்ந்தது அதற்காகத்தான். ஆபீசில் ஒரு பழைய பில்லிங் புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அது ஒழுங்காக ஓடும்வரை அங்கே யாருக்கும் என் ஞாபகம் வராது. வீட்டில் ஃபிரிட்ஜ்தான் பேச்சுத் துணை.

புராஜெக்டுக்கு இருவர் இருவராகப் பிரித்தபோது என்னோடு அந்தப் பெண்ணைப் போட்டீர்கள். அவர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர், விடுதியில் தங்கியிருந்தார். கணவரும் குழந்தையும் வேறு ஊரில். பட்டம் வாங்கினால் அந்த ஊர்க் கிளைக்கே மாற்றித் தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"இது ஒண்ணு முடிஞ்சா போதும்ணா. பாப்பா ஸ்கூல் சேர்றப்ப நான் பக்கத்துல இருப்பேன்" என்பார்.

ஞாயிறு காலையில் வீடியோ காலில் வேலை செய்வோம். நடுவில் அவர் கணவரும் குழந்தையோடு அந்த வீடியோ காலில் சேர்ந்துகொள்வார். அது என்னைக் கம்ப்யூட்டர் மாமா என்று கூப்பிடும். "மாமா, சாப்டியா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க வேறு ஆள் இல்லை. ஞாயிறு என்றால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்காருவேன்.

புராஜெக்ட் முடியும் நிலைக்கு வந்தது. அவருக்கு வாழ்த்துச் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். பிறகு ஃபிரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் எழுதும் புரோகிராம் இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கும். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று பெயரோடு பதிவாகும். ஆனால் நாம் என்ன பெயர் கொடுக்கிறோமோ அதுதான் பதிவாகும். அது நிஜமா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. போன வருட மாணவர் ஒருவரின் புரோகிராமிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தப் பெண் எழுதிய பகுதியில் வைத்தேன். அவர் பெயரில் சேமித்தேன். காப்பி அடித்ததாக உங்கள் சோதனையில் சிக்கினார். அந்தப் பருவத்தை அவர் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தேர்ச்சி வந்தது. அதை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, நானும் அவரோடு அதே குழுவில் திரும்பச் சேர்ந்தேன். அவரைத் தனியாக விட மனம் வரவில்லை.

"சத்தியமா நான் காப்பி அடிக்கலண்ணா. உங்களுக்காவது தெரியும்ல?" என்று அழுதார்.

"தெரியும்மா" என்றேன். அது பொய்யில்லை.

குழந்தையை அப்பாதான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அம்மா வந்தால்தான் உள்ளே போவேன் என்று அது வாசலிலேயே உட்கார்ந்துகொண்டதாம். அதைச் சொல்லும்போது அவர் கேமராவை அணைத்துவிட்டார். ஆனாலும் அந்தப் பருவம் எங்களுக்கு நன்றாகவே போனது. முடியப்போகும் நேரத்தில் மறுபடி அதையே செய்தேன். இரண்டாவது முறை சிக்கினால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. விதிகளைப் படிக்காதது என் கவனக்குறைவு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

விஷயம் அவர் கம்பெனிவரை போய், வேலையும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். இப்போது என் போனை அவர் எடுப்பதில்லை. போன ஞாயிறும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாரும் கேட்காமல் நானாகத்தான் வந்து சொல்கிறேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, செய்ததெல்லாம் நான். அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், எங்களை ஒரே குழுவில் மட்டும் போடுங்கள். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?