பதினேழாம் நம்பர் பாட்டில்

பிஸ்கட் ருசி பார்ப்பதில் நான் கெட்டிக்காரி, ஐயா. தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் அதுதான் வேலை. புது பிஸ்கட் நன்றாக வந்தால் மட்டும் போதாது, எதனால் நன்றாக வந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாமானை எடுத்துவிட்டுச் சுட்டுப் பார்ப்போம். உப்பு இல்லாமல் ஒன்று, வெண்ணெய் குறைத்து ஒன்று. எதை எடுத்தும் ருசி கெடவில்லையோ அது தண்டம் என்று அர்த்தம். இது புரிந்துவிட்டால் மற்றதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். ஐந்து வருடம் முன்பு பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்குகிறவரிடம் கழுத்தைக் கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கடையை மூடினோம். மனிதர் ஏற்கனவே உம்மணாமூஞ்சி, நோய் வந்து இருந்த முகத்தையும் இறுக்கிவிட்டது. நான் ஜோக் சொன்னால் சுவராவது கேட்கும், அவர் கேட்க மாட்டார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். கஞ்சா எண்ணெய் இந்த நோய்க்கு உதவுமா என்று பார்க்கப் போகிறார்களாம். கஞ்சா என்றதும் நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பாதிப் பேருக்குக் கஞ்சா எண்ணெய், பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதும்மா. உதவுமான்னும் இன்னும் தெரியாது. ஆனா வழக்கமான மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது."

தினமும் குறித்து வைக்கக் கொடுத்த நோட்டின் முதல் பக்கத்திலும் அதே வரி கொட்டை எழுத்தில் இருந்தது. அவருக்கு நானே படித்துக் காட்டினேன். எங்களுக்கு வந்தது பதினேழாம் நம்பர் பாட்டில்.

மூன்றாம் நாள் காலை நான் அவர் நாக்குக்கு அடியில் சொட்டு விடும்போது என் மூக்குக்கண்ணாடி நழுவி அவர் மடியில் விழுந்தது.

"என்னடி இது, எனக்கு ஊத்தினா உனக்கு ஏறுது" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் சொன்ன முதல் ஜோக். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாகவா இருந்தது? ஒரு நாள் என் கழுத்தில் போர்வையைச் சுற்றி, "மேடம், மீசையை எடுத்துடட்டுமா?" என்று சீப்பும் கையுமாக நின்றார். மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் இறங்கி வந்து, "அண்ணி, கதவையாவது சாத்திட்டுச் சிரிங்க. புதுசா கல்யாணமானவங்க கெட்டாங்க" என்றாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஐம்பத்தெட்டு வயதில் சொந்தப் புருஷனையே காதலித்தேன், ஐயா.

எல்லாம் எண்ணெயின் வேலை என்றேன், டாக்டரம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாத்திரையால இருக்கலாம், எண்ணெயாலன்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசத்துல பாட்டிலைத் திருப்பித் தந்துடணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டில் போனால் அந்தச் சிரிப்பும் போய்விடும். எண்ணெய்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டால் யாரால் பிடுங்க முடியும்?

நான்கு வேளை மாத்திரையில் மத்தியான மாத்திரையை முதலில் எடுத்தேன். அதே மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மாத்திரையை வைத்தேன். சிரிப்பு குறையவில்லை. அடுத்த வாரம் சாயங்கால மாத்திரையையும் எடுத்தேன்.

"மாத்திரை சின்னதா இருக்கே?" என்றார்.

"கம்பெனி மாத்திட்டாங்க."

"நீ சொன்னா சரி."

கை முன்னைவிட அதிகமாக ஆடியது. கால் தரையைவிட்டுக் கிளம்ப அடம்பிடித்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தார். நோட்டில், 'நடை சுமார், சிரிப்பு பிரமாதம்' என்று எழுதினேன்.

மிச்சமிருந்த இரண்டையும் ஒரு வியாழக்கிழமை நிறுத்தினேன். மறுநாள் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை உடம்பு பலகை மாதிரி விறைத்து, தண்ணீர்கூட இறங்கவில்லை. நாத்தனார் அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி."

"திங்கட்கிழமை வரைக்கும் பொறு" என்றேன். பாதியில் அடுப்பைத் திறந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, இல்லையா? அவர் காதருகே குனிந்து ஒரு ஜோக் சொன்னேன். உதட்டோரம் லேசாக அசைந்தது. அதையும் நோட்டில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் என்னைக் கேட்காமல் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள். திங்கட்கிழமை அவர் போய்விட்டார். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால்தான் என்றார்கள்.

நேற்று டாக்டரம்மா ஆராய்ச்சிப் பட்டியலைத் திறந்து பார்த்துச் சொன்னார். பதினேழாம் நம்பரில் இருந்தது வெறும் எண்ணெயாம். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணன் முதல் வாரமே எங்கிட்ட சொன்னாரு. 'எண்ணெயில ஒண்ணும் தெரியல. ஆனா அவ சிரிச்சு எத்தனை வருஷமாச்சு, நீ போய்ச் சொல்லிக் கெடுத்துடாதே'ன்னாரு."

அவள் எப்போதும் இப்படித்தான், எதையாவது கூட்டிச் சொல்வாள்.

ஆமாம், மாத்திரையை நிறுத்தியது நான்தான். காய்ச்சலோடு இரண்டு நாள் போட்டுவைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வெறும் எண்ணெய்க்கே அப்படிச் சிரித்த மனிதர் அவர். அசல் எண்ணெயை மட்டும் கொடுத்திருந்தார்களானால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.