மூலை வெட்டிய சீட்டுகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நூலகத்தில் "சத்தம் போடாதீர்கள்" என்ற பலகையை எழுதியது நான்தான். அதைப் பார்த்துவிட்டு, "யாரு எழுதினது?" என்று சத்தமாகக் கேட்டவர்கள் உண்டு. விழா மலருக்காக என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி விருதுக் குழுவிலிருந்து கேட்டிருந்தீர்கள். இது கொஞ்சம் நீளும்.

வாசகர் உரிமைக்காக நிற்பவர்களுக்கு உங்கள் சங்கம் வருடந்தோறும் கொடுக்கிற விருது. எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் உரிமை இருக்கட்டும், படிக்க வருகிறவருக்கும் ஒன்று இருக்கிறது என்று இந்த விருதுக்குரியது போக, இருபது வருடத்தில் பதினொரு கட்டுரை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

நகல் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவரை எல்லோரும் நகல் அக்கா என்பார்கள். என்னைவிட ஆறு வயது சின்னவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்குக் கட்டுரை எழுத வராது. விடுப்புக் கடிதமே நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஆனால் சட்டம் வாசகருக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில். சாதாரண வாசகர் என்றால் ஓர் அத்தியாயம்தான் நகல். பார்வை இல்லாதவர் என்றால், கணினி வாசித்துக் காட்டும்படி முழுப் புத்தகத்தையும் பிரதி எடுத்துத் தரலாம். அந்த வாசகர் கையெழுத்துப் போட்ட சீட்டு கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீட்டுகளின் மூலையை அக்கா நகவெட்டியால் துளி வெட்டி வைப்பார்.

"அவங்க சீட்டை அவங்களே தடவி எடுத்துக்கணும் சார். நாம எடுத்துக் குடுக்கற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?"

ஒரு வருடம் இதே விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்கள். வாழ்த்துச் சொன்னேன். மனசாரச் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். மறுநாள், "இங்கே முழுப் புத்தகங்களை நகலெடுக்கிறார்கள்" என்று ஒரு பதிப்பகத்துக்குப் பெயரில்லாமல் கடிதம் போட்டேன். கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும் என்று இடது கையால் எழுதினேன். அதுவும் ஓரளவு அழகாகத்தான் வந்தது. விசாரணை என்று வந்தால் விருது ஒரு வருடம் தள்ளிப்போகும். அதற்கு மேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

விசாரணை வந்தது. கோப்பு என் பொறுப்பு. விசாரணைக்கு முந்தின நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது மூலை வெட்டிய சீட்டுகளை உருவினேன். ஆளுக்கு ஒன்றாக நாற்பத்தொன்று. பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, விரலே கண்டுபிடித்தது. அக்கா அவ்வளவு வசதியாக வைத்திருந்தார்.

விசாரணை அறைக்குப் பார்வையில்லாத ஓர் அம்மா தானாகவே வந்தார். தொலைபேசி நிலையத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதில் சட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

"என் சீட்டு மூலை வெட்டியிருக்கும். ஃபைலைக் குடுங்க, நானே எடுத்துத் தரேன்."

கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளாகத் தடவினார். கடைசித் தாள் வரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிறகு நான் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, "சார், வேற ஃபைல் ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப என் விரல்தான் ஏமாத்துது போல" என்று சிரித்தார்.

அக்காவுக்கு வேலை போயிற்று. இனி யாருக்கும் முழுப் பிரதி தருவதில்லை என்று நூலகம் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்த அம்மா பரீட்சை எழுதவில்லை. மற்ற நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வாசகரின் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

அக்காவுக்காகச் சங்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். நடுவில் அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை, நடிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு கூசாது. அந்தப் பேச்சுதான் பன்னிரண்டாவது கட்டுரை ஆயிற்று. அதற்குத்தான் இந்த விருது.

மேடையில் அதை என் கையில் தரப்போவது அக்கா என்று நேற்றுச் சொன்னீர்கள். அவரும் போன் செய்தார்.

"எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்தப்ப நீங்க ஒருத்தர்தான் சார் எனக்காக நின்னீங்க. மேடையில நான் என்ன பேசணும்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. எனக்குத்தான் எழுத வராதே."

எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது.

சீட்டுகளை நான் கிழிக்கவில்லை. நூலகத்துக்காரன், ஆவணத்தை அழிக்க மனசு வராது. மேசை இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். சில சமயம் கை தானாகப் போய் மூலையைத் தடவிவிட்டு, சுட்டதுபோல் திரும்பி வந்துவிடும். இந்தக் கடிதத்தோடு அவற்றையும் சேர்த்து உங்களிடம் கொடுத்துவிடுவேன். விழா முடிந்த மறுநாள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, வருகிற வாசகர்களை ஏமாற்றக் கூடாது, பாருங்கள்.