சவ ஊர்வலத்தின் முன் கழலாத சப்பாத்து

பெயர்: சூசைப்பிள்ளை அனஸ்தாசியா. வயது: 34. மதம்: கத்தோலிக்கம். தொழில்: மீன்வாடியில் தராசில் மீன் நிறுத்தல். முகவரி: கோயிலடி வீதி, சின்னக்குடா, கற்பிட்டி. திகதி: 2016.07.14, வியாழக்கிழமை, முற்பகல் 10.20.

நான் மேற்படி முகவரியில் தாயாருடன் வசிக்கிறேன். திருமணமாகவில்லை. அது இந்த விசாரணைக்குத் தேவையா என்று கேட்டேன், எழுத வேண்டும் என்று பொலிஸார் சொன்னார்கள், எழுதிக்கொள்ளட்டும். எனக்கு எதிராக முறைப்பாடு செய்திருக்கும் யோசேப்பு என்பவர் எங்கள் கோயில் சபைத் தலைவர். நான் குடிபோதையில் சைக்கிளில் வந்து, சவ ஊர்வலத்தை அவமதித்து, அவரை விழுத்தி, முழங்காலில் இரண்டு தரம் உதைத்தேன் என்பது அவரது முறைப்பாடு. அவர் விழுந்தது உண்மை. உதை பட்டதும் உண்மை. மற்றதெல்லாம் பச்சைப் பொய்.

நான் ஆறு வருடமாகச் சைக்கிளோட்டப் போட்டிகளுக்குப் போகிறேன். சென்ற வருடம் சிலாபத்தில் நடந்த பெண்கள் ஓட்டத்தில் கடைசித் திருப்பத்தில் கச்சான் காற்றுக்கு எதிராக எழும்பி மிதித்தபோது கால் பெடலில் இருந்து வழுக்கி இரண்டாம் இடத்துக்கு வந்தேன். அதன் பின்னர், இங்கே பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் சறுக்கி ஓட வந்த ஜெர்மன்காரி ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பெடல் சோடியையும் அதற்குரிய சப்பாத்தையும் எனக்குத் தந்துவிட்டுப் போனாள். அந்தச் சப்பாத்தின் அடியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. மிதித்தால் அது பெடலில் கொழுவிக்கொள்ளும். பிறகு கால் வழுக்காது. கழற்றுவதற்குக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் யார் இழுத்தாலும் வராது. வீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நாற்பது தரம் கொழுவிக் கழற்றிப் பழகினேன். வேலிக்கு முன்னால் ஒரு பிழையும் வரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பி.ப. நான்கு மணியளவில் முதல் தடவையாக அதைப் போட்டுக்கொண்டு வீதிக்கு இறங்கினேன். எட்டுக் கிலோமீற்றர் போய்த் திரும்பி வந்தேன். பெடலை மிதிப்பதோடு இழுக்கவும் முடிந்தது, அப்படி ஒரு ஓட்டம் நான் வாழ்நாளில் ஓடியதில்லை. அதன் பின்னர் கோயில் சந்தியில் திரும்பியபோது காலஞ்சென்ற மாக்கிறட் அவர்களின் சவ ஊர்வலம் பாண்ட் வாத்தியத்துடன் எதிரே வந்தது. முன்னால் கறுப்புக்கொடி பிடித்துக்கொண்டு முறைப்பாட்டாளர் வந்தார். எங்கள் பக்கத்தில் சவம் வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி நின்று சிலுவை அடையாளம் போடுவார். பிறந்ததில் இருந்து நான் செய்வது அது. ஆகையால் இடது கையால் பிறேக்கைப் பிடித்து, இறங்குவதற்காகக் காலை மேலே தூக்கி, வலது கையால் சிலுவை போட்டேன். சப்பாத்தின் ஞாபகம் எனக்கு மருந்துக்கும் வரவில்லை. "பிதா, சுதன்" என்று சொல்லி முடித்தேன், பரிசுத்த ஆவிக்கு வருமுன் சைக்கிளோடு வலப்பக்கம் சரிந்தேன். அந்தப் பக்கத்தில் முறைப்பாட்டாளர் நின்றார்.

நாங்கள் இருவரும் வாய்க்கால் ஓரத்தில் கிடந்தோம். என் இரண்டு காலும் இன்னும் பெடலில்தான் இருந்தன. கழற்றுவதற்காக உதறினேன், அந்த உதறல்தான் அவருடைய முழங்காலில் பட்டது. அவர், "குடிச்சிட்டு வந்து பிரேதத்துக்கு முன்னால கூத்தாடுறாள், பாருங்கோ!" என்று ஊர் கேட்கக் கத்தினார். பிரேதத்தைத் தூக்கி வந்தவர்கள் நடுவீதியில் நின்றார்கள். வாத்தியமும் நின்றது. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அதன் பின்னர் இறந்தவரின் மகள் றோசமேரி அக்கா வந்து என் காலைப் பிடித்தார். "குதிக்கால வெளியால திருப்புங்கோ அக்கா" என்றேன். திருப்பினார், கழன்றது. நான் அவரது கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அழுதழுது வீங்கிய முகத்தோடு, "போடி விசரி, அம்மா இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா" என்றார். அதன் பின்னர் ஊர்வலம் போயிற்று. நானும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சேமக்காலை வரை நடந்து போய் மண் போட்டேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்டு முடிந்தது.

அன்று மாலையே முறைப்பாட்டின் பேரில் எனது சைக்கிள் இந்த நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இந்த வருடச் சிலாபப் போட்டி நாளை மறுநாள், சனிக்கிழமை. அது அவருக்கும் தெரியும். நேற்றுக் காலை அவர் என் வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். இனி ஊர் எல்லைக்குள் சைக்கிளோட்ட உடுப்போடு ஓட மாட்டேன், போட்டிகளுக்கும் போக மாட்டேன் என்று நான் ஒப்பமிட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகக் கூறினார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த ஆட்டம்? உன்ர நன்மைக்குத்தான் சொல்றன்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னரும் என் கட்டைக் காற்சட்டையைப் பற்றிச் சபைக் கூட்டத்தில் கதைத்தவர் இவர்தான். நான் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்து அவருடைய சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

இன்று வாக்குமூலம் எழுதத் தொடங்கியபோது, சப்பாத்து கழலாது என்பது கட்டுக்கதை என்று இங்கே வந்திருந்த முறைப்பாட்டாளர் கூறினார். அப்படியானால் பரீட்சித்துப் பாருங்கள் என்றேன். சார்ஜன் அவர்கள் சம்மதித்தார். நான் கையோடு கொண்டுவந்த சப்பாத்து பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஷானிகாவுக்கு அளவாக இருந்தது. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்தேன், அவரும் தலையாட்டினார். சைக்கிளை நான் பிடிக்கிறேன் என்றேன். முறைப்பாட்டாளர், "நீ தள்ளி நில்லு, நீ ஏதும் பித்தலாட்டம் பண்ணுவாய்" என்று தானே வந்து பிடித்தார். ஷானிகா ஏறி இரண்டு காலையும் பெடலில் கொழுவினார். அதன் பின்னர் சார்ஜன் அவர்கள் விறாந்தையில் இருந்து சிங்களத்தில் இறங்கச் சொன்னார். ஷானிகா காலை நேரே மேலே தூக்கினார். எல்லாரும் அப்படித்தான் தூக்குவார்கள். முறைப்பாட்டாளர் அவரைப் பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. இருவரும் சைக்கிளோடு முற்றத்தில் விழுந்தார்கள். ஷானிகா உதறியதில் முறைப்பாட்டாளருக்கு அதே முழங்காலில் பட்டது, நான் எண்ணினேன், மூன்று தரம்.

ஷானிகா குடித்திருக்கிறார் என்று முறைப்பாட்டாளர் கூறவில்லை. இதைத் தவறாமல் எழுதும்படி கேட்டேன். எழுதப்பட்டுள்ளது.

இவை என் வாயால் வந்தவை, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. "முறைப்பாட்டாளரிடம் மன்னிப்புக் கோருகிறேன்" என்று ஒரு வரி இடையில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, வெட்டச் சொன்னேன், வெட்டிய இடத்தில் சிற்றொப்பம் வைத்தேன். மிச்சம் முழுவதும் உண்மை. சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் சிலாபத்தில் நிற்க வேண்டும், ஆகையால் சைக்கிளைத் தந்த பிறகுதான் இந்த வாசலை விட்டுப் போவேன் என்று கூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சூ. அனஸ்தாசியா