வாடை இல்லாத குப்பை

தாயம்மா: டாக்டருகிட்ட இன்னான்னு சொன்னீங்க?

ரூபீனா: ஆணின்னு.

தாயம்மா: ஆணியா?

ரூபீனா: துருப்பிடிச்ச ஆணி. ஸ்கூல் மரத்தடியில கெடந்துச்சு, புள்ள விரல்ல குத்திடுச்சுன்னு சொன்னேன். டிடி ஊசி போட்டாங்க. உள்ள நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டிட்டிருக்காங்க. முடிஞ்சது.

தாயம்மா: முடிஞ்சிச்சா...

ரூபீனா: மெதுவா பேசுங்கக்கா. பெஞ்சு முழுக்க ஆளு.

தாயம்மா: அவங்கவங்க நோவு அவங்கவங்களுக்கு. நம்ம பேச்ச எவன் கேக்கப் போறான். மிஸ்ஸு... அது ஆணி இல்ல.

ரூபீனா: தெரியும்.

தாயம்மா: ஊசி. ரத்தம் எடுப்பாங்களே, அந்த ஊசி. நான்தான் அந்தப் புள்ள விரல்லருந்து புடுங்குனேன்.

ரூபீனா: தெரியும்னு சொல்றேன்ல.

தாயம்மா: தெரிஞ்சிக்கினேவா ஆணின்னீங்க?

ரூபீனா: ஊசின்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? ஸ்கூலுக்குள்ள ஊசி எப்படி வந்துச்சு, யார் கொண்டு வந்தா? என்ன பதில் சொல்லட்டும்? மூணாங்கிளாஸ் புள்ளைங்க பொறுக்கட்டும்னு நாங்களே ஒரு மூட்டைக் குப்பைய வாங்கிக் கொட்டினோம்னு சொல்லட்டுமா?

தாயம்மா: கொட்டச் சொன்னது நீங்க.

ரூபீனா: நான் இல்ல. ஹெச்செம் என்கிட்ட சொன்னாங்க. நான் உங்ககிட்ட சொன்னேன். கொட்டினது நீங்க.

தாயம்மா: நல்லா கீது. மாடியிலருந்து கீழ எறங்கறதுக்குள்ள குப்ப என் கைக்கு வந்துட்ச்சி.

ரூபீனா: கிண்டல் பண்ற நேரமா இது?

தாயம்மா: கிண்டல் இல்ல மிஸ்ஸு. தெனம் காலைல ஆறு மணிக்கு அந்த ஸ்கூல் வாசல கூட்றவ நான். கார்ப்பரேசன் வேல தெருவோட சரி. உள்ள கூட்றது ஹெச்செம் அம்மா வாய் வார்த்தைக்கி. ஒரு காயிதம் கெடக்காது. அதாலதான உங்களுக்குக் குப்ப பத்தல.

ரூபீனா: பத்தலதான். புள்ளைங்கள வெச்சு ஸ்கூல சுத்தம் பண்ணுங்கன்னு வந்த பவுண்டேஷன்காரங்க, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோன்னு கேட்டாங்க. முன்னாடி எடுத்ததே சுத்தமா இருந்தா பின்னாடி என்னத்தக் காட்றது?

தாயம்மா: ரெண்டு நாளு கூட்டாம வுட்டன்ல.

ரூபீனா: விட்டீங்க. என்ன சேர்ந்துச்சு? வேப்பங்கொட்டை. நாலு சாக்லேட் தாளு. புள்ளைங்க எவ்ளோ ஆசையா செஞ்சாங்க தெரியுமா? அவங்களே நாலு படை பிரிச்சு, பேரு வெச்சு, சார்ட்டு எழுதி, யாரு எந்த மூலைன்னு வரைபடம் போட்டு... உள்ள இருக்காளே, அந்தத் தமிழ்மொழியத்தான் தலைவியா எடுத்தாங்க. கடைசியில பொறுக்க ஒண்ணுமில்லன்னதும் அவ மூஞ்சி தொங்கிப் போச்சு.

தாயம்மா: சுத்தமா கீதுன்னு அழுத புள்ளைங்கள அன்னிக்குத்தான் பாத்தேன்.

ரூபீனா: அதுக்காக மட்டும் இல்லக்கா. இதை நல்லா செஞ்சுட்டா பொம்பளைப் புள்ளைங்களுக்குத் தனியா டாய்லெட் கட்டித் தர்றோம்னாங்க. கதவே இல்லாத ஒரு டாய்லெட்ட வெச்சுக்கிட்டு எத்தனை வருஷமா...

தாயம்மா: தெரியும். நான்தான அத்தயும் கழுவுறேன். மத்த புள்ளைங்க கையெல்லாம் பாத்தீங்களா?

ரூபீனா: வரிசையா நிக்க வெச்சுப் பாத்தேன். வேற யாருக்கும் இல்ல. நீங்க?

தாயம்மா: அது கத்துனதுமே அல்லாத்தையும் கிளாஸுக்குள்ள ஓட்டி வுட்டுட்டு மிச்சத்த நானே அள்ளிட்டேன். அந்த கிளவுஸு பெரியவங்க சைஸு மிஸ்ஸு. புள்ளைங்க கையில நிக்கல. கழட்டி ஜோபுல வெச்சிக்கினு பொறுக்குதுங்க.

ரூபீனா: போட்டோ எடுக்குறப்ப போட்டிருந்தாங்களே.

தாயம்மா: போட்டோவுக்குப் போட்டுதுங்க. மிஸ்ஸு, உள்ள போய் ஊசின்னு சொல்லிட்டு வந்துடு. டிடி பத்தாது.

ரூபீனா: ஏன் பத்தாது?

தாயம்மா: போன வருஷம் எங்களுக்கு ஒரு டிரெய்னிங் வெச்சாங்க. ஒரு டாக்டரம்மா வந்து சொல்லிச்சு. குப்பைல ஊசி குத்துனா சோப்பு போட்டு கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கி ஓடணுமாம். அதுல எவன் ரத்தம் ஒட்டிக்கினு கீதோ யாருக்குத் தெரியும். எய்ட்ஸு, காமால, இன்னும் இன்னான்னாவோ சொல்லிச்சு. அதுக்கு வராம தடுக்கறதுக்கு மாத்திர கீதாம். மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். அதுக்கு மேல துன்னாலும் ஒண்ணுதான், துன்னாட்டியும் ஒண்ணுதான்.

ரூபீனா: எட்டு வயசுப் புள்ளைக்கா?

தாயம்மா: நோவு வயசு பாத்தா வருது?

ரூபீனா: அது சுகர் ஊசியா இருக்கும்கா. எங்க அப்பாகூட தெனம் போட்டுட்டுத் தூக்கிப் போடுறாரு.

தாயம்மா: இருக்கலாம்.

ரூபீனா: அப்படித்தான் இருக்கும்.

தாயம்மா: இல்லாமயும் இருக்கலாம் மிஸ்ஸு.

தமிழ்மொழி: மிஸ், நர்ஸக்காகிட்ட ஒரு பிளாஸ்திரி கேட்டேன். ரெண்டு ஒட்டிட்டாங்க.

ரூபீனா: வந்துட்டியாடா செல்லம்... வா, உக்காரு.

தாயம்மா: இன்னா தலைவியம்மா, ஊசி போடறப்ப அழுதியாமே.

தமிழ்மொழி: அழல. கண்ணுல தண்ணி வந்துச்சு. அது தானா வரும்.

தாயம்மா: தானாத்தான் வரும். சரி சரி.

தமிழ்மொழி: மிஸ், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ஆணின்னு சொன்னேன். டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு.

ரூபீனா: ரெண்டு தடவையா?

தமிழ்மொழி: ஆமா. ஆணி குத்துனா ஓட்டை பெருசா இருக்குமே பாப்பான்னாரு. சின்ன ஆணி சார்னு சொன்னேன். கரெக்டா மிஸ்?

தாயம்மா: வலிக்குதா கண்ணு?

தமிழ்மொழி: இல்ல. தாயம்மாக்கா, எங்க படை எவ்ளோ பொறுக்குச்சு தெரியுமா? அரை மூட்டை. மஹ்விஷ் படை கால் மூட்டைதான். நடுவுல நிறுத்திட்டதால அதைக் கணக்குல சேக்க மாட்டேங்குறா.

தாயம்மா: சேக்கச் சொல்றேன்.

தமிழ்மொழி: மிஸ், ரூல் நம்பர் நாலு ஞாபகம் இருக்கா? இவ்ளோ குப்பையும் யாரு போட்டாங்கன்னு கண்டுபுடிச்சு அவங்க பேர போர்டுல எழுதணும். நாளைக்குக் கண்டுபுடிக்கலாமா?

ரூபீனா: அப்புறம் பேசலாம்டா.

தமிழ்மொழி: மறந்துடாதீங்க மிஸ். எங்க அம்மா வந்துட்டாங்களா?

ரூபீனா: பெருங்குடியிலேர்ந்து பஸ் ஏறிட்டாங்க. இப்பத்தான் பேசினேன், அடையாறு தாண்டிட்டாங்களாம். நீ போய் நர்ஸக்கா பக்கத்துல ஃபேன் காத்துல உக்காரு. அம்மா வந்ததும் கூப்புட்றேன்.

தமிழ்மொழி: அம்மா திட்டுவாங்களா?

தாயம்மா: உன்னய இல்ல கண்ணு. நீ போ.

ரூபீனா: பாத்துப் போடா.

தாயம்மா: பாத்தீங்களா. டாக்டருக்கே சந்தேகம் வந்துட்ச்சி. அது பெருமையா பொய் சொல்லிட்டு வருது.

ரூபீனா: என்னைக் கொல்லாதீங்கக்கா.

தாயம்மா: அவங்கம்மா வர்றதுக்குள்ள போய் சொல்லிடு மிஸ்ஸு. அவங்க வந்துட்டா உனக்கு வாய் வராது.

ரூபீனா: சொன்னா என்ன ஆவும்னு யோசிச்சீங்களா? ஹெச்செம் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கையை விரிச்சுடுவாங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம்னு அப்ரூவலே வரல. வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களை மட்டும் விட்டுடுவாங்களா? கான்ட்ராக்ட்காரன் மறுநாளே வராதேன்னுடுவான். அவ்ளோ தூரம் பெரும்பாக்கத்துலேர்ந்து விடிகாலைல பஸ் புடிச்சு வர்ற வேலை...

தாயம்மா: ஆத்தோரத்துல குடிச இருந்தப்ப நடந்து வந்துக்கினு இருந்தேன். வூட்ட இட்ச்சி அங்க கொண்டு போய் போட்டப்பவே இந்த வேல பூடும்னுதான் நெனச்சேன். இன்னிக்குப் போவும்னா போவட்டும்.

ரூபீனா: ஒண்ணு செய்யலாம். ஊசின்னே சொல்லிடுறேன். செவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ வீசியிருக்காங்க, எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிடலாம். மாத்திரையும் குடுத்துடுவாங்க. யாருக்கும் பாதிப்பு இல்ல.

தாயம்மா: தெருவுல கெடந்த ஊசின்னா ஒண்ணும் ஆவாது, வூட்டுக்குப் போன்னு அனுப்பிட்டா?

ரூபீனா: அனுப்புவாங்களா?

தாயம்மா: அந்த டாக்டரம்மா சொல்லிச்சு மிஸ்ஸு. எங்கருந்து வந்த ஊசின்னு கேட்டுட்டுத்தான் மாத்திர வேணுமா வேணாமான்னு பாப்பாங்களாம். வெயில்ல மாசக்கணக்குல காஞ்ச ஊசி வேற. ஆஸ்பத்திரி ஊசி வேற.

ரூபீனா: சரி. அப்ப இது எங்கேர்ந்து வந்த ஊசி?

தாயம்மா: ரோட்ல கெடந்த குப்பதான் மிஸ்ஸு.

ரூபீனா: காலையிலேர்ந்து கேக்குறேன். ரோட்ல, ரோட்லன்னு சொல்றீங்க. எந்த ரோட்ல?

தாயம்மா: நீங்க இன்னா கேட்டீங்க அன்னிக்கி? ஈரமா இருக்கக் கூடாது. வாடை அடிக்கக் கூடாது. பாக்கறதுக்குக் குப்பையா இருக்கணும், தொட்டா அருவருப்பா இருக்கக் கூடாது. கேட்டீங்களா இல்லியா?

ரூபீனா: கேட்டேன்.

தாயம்மா: வாடை அடிக்காத குப்பைக்கு நான் எங்க போறது? வூட்டுக் குப்ப பூரா சாம்பாரும் சோறும். மார்க்கெட்டுல அழுகுன காயி. கோயிலாண்ட வாடுன பூவு. காஞ்ச அட்ட, பாட்டிலெல்லாம் நமக்கு முன்னாடியே பழைய பேப்பர் கடைக்குப் போயிடும். ரெண்டு நாளா தள்ளுவண்டிய இஸ்துக்கினு தேட்றேன். குப்ப அள்றவ குப்பைக்கு அலைஞ்ச கதைய எவகிட்ட சொல்றது?

ரூபீனா: அக்கா, எங்கேர்ந்து?

தாயம்மா: ரத்தம் டெஸ்ட் பண்ற லேபு ஒண்ணு கீதே. அதுக்குப் பின்னாடி சந்து. அங்க ஒரு வெள்ள மூட்ட.

ரூபீனா: யா அல்லாஹ்.

தாயம்மா: அத்த அவங்க தனி வண்டியிலதான் போடணும். எவனோ சோம்பேறி சந்துல தள்ளிட்டு பூட்டான். தொறந்து பாத்தேன். அட்டப்பொட்டி, பேப்பர் கப்பு, பிளாஸ்டிக் கவரு, வெள்ள வெளேர்னு காயிதம். ஒரு ஈ மொய்க்கல. நீங்க கேட்டது அப்பிடியே கெடச்சிதுன்னு எனக்கு சந்தோசம் மிஸ்ஸு.

ரூபீனா: அந்த மூட்டைய அப்படியே கொண்டுவந்து புள்ளைங்க முன்னாடி கொட்டிட்டீங்களா?

தாயம்மா: அப்பிடியே கொட்டுவனா? நானும் ரெண்டு பெத்தவதான். அன்னிக்கே ஸ்கூல் பம்பு ரூம்ல கொட்டி, ஒண்ணொண்ணா கையால எடுத்துப் பாத்தேன். ரத்தம் பட்ட பஞ்செல்லாம் தனியா எடுத்து வெளிய போட்டேன். மிச்சத்த திரும்பக் கட்டி வெச்சேன்.

ரூபீனா: அவ்ளோ பாத்தவங்களுக்கு ஊசி எப்படித் தெரியாமப் போச்சு?

தாயம்மா: தெரியாமப் போவல.

ரூபீனா: என்ன?

தாயம்மா: ஒரு ஊசி கெடச்சிது. எடுத்துப் போட்டுட்டேன்.

ரூபீனா: ஊசியப் பாத்த பிறகுமா அந்தக் குப்பைய...

தாயம்மா: ஒண்ணுதான் இருக்கும்னு நெனச்சேன். விடிஞ்சா வெள்ளிக்கெழம. காலைல ஒம்பது மணிக்கு வேணும்னீங்க. வேற மூட்டைக்கு நான் எங்க போவேன்? அப்புறம் பாத்தா பவுண்டேஷன் பெரிய மனுசருக்கு நேரமில்லன்னு இன்னிக்கி செவ்வாக்கெழமைக்குத் தள்ளிட்டாங்க. நடுவுல நாலு நாளு இருந்துச்சு. தூக்கிப் போட்டிருக்கலாம். போடல. அத்த நான் யார் மேலயும் போட முடியாது.

ரூபீனா: நாலு நாளா தெரிஞ்சு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

தாயம்மா: சொல்லியிருக்கலாம்.

ரூபீனா: சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்.

தாயம்மா: நிறுத்தியிருப்பீங்களா மிஸ்ஸு? வுடு. போன் அடிக்குது பாரு.

ரூபீனா: ஹலோ... ஆமாங்க... மந்தைவெளி வந்துட்டீங்களா... ஒண்ணும் இல்லங்க, நல்லா இருக்கா, பதறாதீங்க... எறங்கி நேரா உள்ள வாங்க. ஓபி பக்கத்துல பெஞ்சுல இருக்கோம்.

தாயம்மா: இன்னும் பத்து நிமிசம்.

ரூபீனா: நான் போறேன். உள்ள போய் எல்லாத்தையும் சொல்லிடுறேன். ஆணி இல்ல, ஊசி. நாங்களே கொண்டுவந்து கொட்டின குப்பை. லேபு மூட்டை. பொய் சொல்லச் சொன்னதும் நான்தான், புள்ள மேல தப்பில்லன்னு.

தாயம்மா: போ மிஸ்ஸு. நல்லா இருப்ப.

ரூபீனா: நீங்களும் வாங்க. எப்படிப்பட்ட ஊசி, எவ்ளோ பெருசு, ரத்தம் இருந்துச்சான்னெல்லாம் கேப்பாரு. எனக்குச் சொல்லத் தெரியாது.

தாயம்மா: வரேன்... நீ முன்ன போ.

ரூபீனா: ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. அவ்ளோ காயிதம், அட்டைக்கு நடுவுல அந்த முதல் ஊசி மட்டும் உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?

தாயம்மா: கண்ணுல படல மிஸ்ஸு. கட்ட விரல்லதான் பட்ச்சி, நகத்துக்குப் பக்கத்துல, நல்லா ஆழமா. ஆஸ்பத்திரிக்கிப் போனா எந்த மூட்ட, எந்த சந்துன்னு கேப்பாங்க, உங்க குப்ப கெட்டுப் போவும்னு சேலையில தொடச்சிக்கினு வூட்டுக்குப் பூட்டேன். வியாழக்கெழம அது. எனக்கு மூணு நாளு தாண்டிட்ச்சி, அந்தப் புள்ளைக்கு இப்பத்தான் ஒரு மணி நேரம் ஆவுது... போ, நிக்காத, போய் சொல்லு.