கறி உருண்டை கட்டிவைத்த கல்யாணம்

மங்கலம் பொங்கும் இந்த மாலை அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர் அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே மிகச் சரியாக இடம்பிடித்து வீற்றிருக்கும் பெரியவர்களே! பட்டுச் சேலை சரசரக்க, பந்தி எப்போது என்று பார்வையாலேயே கேட்கும் தாய்மார்களே! கோபாலபுரத்தின் குளிர்ந்த இளநீரைப் போல் இன்முகம் காட்டி வரவேற்கும் பெண்வீட்டாரே! சாந்தன்பாறை மலையிலிருந்து ஏலக்காய் மணத்தோடு இறங்கி வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே! நின்று நின்று கால் கடுத்தும், புகைப்படக்காரர் கை காட்டும்போதெல்லாம் சிரித்தே தீர வேண்டும் என்ற விதிக்கு ஆளான மணமக்களே! உங்கள் அனைவருக்கும் மணமகளின் தாய்மாமன் ஆனந்தகுமாரின் வணக்கம்!

எனக்கு முன்னால் பேசியவர்கள், இது தெய்வம் போட்ட முடிச்சு என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்து விழ இருந்த ஒரு நாள் உண்டு. அன்று அதை இழுத்து இறுக்கியது எது? ஜாதகமா? இல்லை! பணமா? இல்லை! தாய்மாமனின் பேச்சு வன்மையா?

(யாரது, அங்கே சிரிப்பது? சரி, அதுவும் இல்லை.)

அதை இறுக்கியது கறி உருண்டை! ஆம், நெல்லிக்காய் அளவே உள்ள கறி உருண்டை!

கதையைக் கேளுங்கள். என் அக்காள் மகள் யோகப்பிரியாவும், சாந்தன்பாறை சிவப்பிரகாஷும் கோயம்புத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். பார்த்தது வேலையை மட்டும் அல்ல என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இரு வீட்டிலும் முணுமுணுப்பு எழுந்தது, முகம் கோணியது, முடிவில் மனம் இறங்கியது. முதலில் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம்.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வேன்! கோபாலபுரமும் கேரளம். சாந்தன்பாறையும் கேரளம். ஆனால் இங்கிருந்து அங்கே போக, செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி உடுமலை கடந்து, காட்டுக்குள் புகுந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். சமவெளியில் சிரித்துக்கொண்டே வந்த என் அக்காள் காளியாத்தாள், முதல் வளைவில் மௌனமானார். அடுத்த வளைவில் கண்ணை மூடினார். மறையூர் தாண்டியபோது மஞ்சளைப் பூசியது போல் முகம் மாறியது. சாந்தன்பாறையில் வண்டி நின்றதும், எல்லோரும் வாசலை நோக்கி நடக்க, அவர் மட்டும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்பக்கம் ஓடினார். எதற்கு என்று இந்த மங்கல மேடையில் நான் விரித்துரைக்க விரும்பவில்லை.

உள்ளே போனால், மாப்பிள்ளையின் தாயார் பெரியம்மாள் அவர்கள் விடியலில் எழுந்து சமைத்த விருந்து! ஆட்டுக்கறிக் குழம்பு ஒருபுறம், நாட்டுக்கோழி வறுவல் ஒருபுறம். மணம் மலையையே மயக்கியது. ஆனால் குடல் புரண்டு கிடந்த என் அக்காளுக்கு அந்த மணமே எமனாய் வந்தது. உண்மையைச் சொல்ல வெட்கம். வாயைப் பொத்திக்கொண்டு அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"எனக்கு இன்னிக்கு வெரதமுங்க."

அவையோரே, அன்று புதன்கிழமை! அமாவாசையும் இல்லை, பௌர்ணமியும் இல்லை. பக்கத்து இலையில் என் மச்சான், பெண்ணைப் பெற்ற குப்பண்ணன், நல்லி எலும்பை உறிஞ்சும் ஓசை ஊருக்கே கேட்கிறது. அந்த விரதத்தை யார் நம்புவார்?

சம்பந்தி வீட்டில் கை நனைப்பது என்றால் என்ன? பசி தீர்வதா? வாய் ருசிப்பதா? "உன் வீடு என் வீடு" என்று உள்ளங்கை போடும் கையெழுத்து அல்லவா அது! அந்தக் கையெழுத்தைப் போடாமல் நாங்கள் மலை இறங்கினோம். எங்கள் வண்டி வளைவில் மறைவதற்குள், பெரியம்மாள் அவர்கள் தெருவே கேட்கச் சொன்னாராம். மாப்பிள்ளைதான் போனில் அழாக்குறையாகச் சொன்னார்.

"பொதங்கெழம என்ன வெரதம்? ஆம்பளைக எங்கயும் திம்பாக, அது கணக்கில்ல. வீட்டுக்காரி கை நனைக்கல. நம்ம வீட்டுச் சோறு அவுகளுக்கு ஆகல. வர்ற வாரம் முறைக்குப் போய்ப் பாப்பேன். ஆனா அவுக வந்து இங்க சாப்புடுற வரைக்கும், நானும் அங்க கை நனைக்க மாட்டேன். இது சத்தியம்!"

இடி விழுந்தது போல் இருந்தது எங்கள் வீடு. அக்காள் மூலையில் உட்கார்ந்தார். மச்சான் தோப்புக்குள் போனவர் திரும்பவே இல்லை. கலங்காமல் எழுந்தவள் ஒருத்தி. அதோ, மாலை கனக்க நிற்கிறாளே, அவள்தான்!

"அம்மா, அவங்க வர்ற அன்னிக்கு நீ அடுப்பங்கரைல நிக்கவே கூடாது. அங்கயே நின்னீன்னா அத்தைகிட்ட ஆரு பேசறது? நா ஸ்லோ குக்கர்ல, அந்தக் கரண்டுச் சட்டில, கறி உருண்டை போடறேன். காத்தால போட்டு மூடி வெச்சுட்டா அதுபாட்டுக்கு வேகும். விருந்துன்னு சொன்னாத்தான வேண்டாம்பாங்க? இது சும்மா கொறிக்கறதுக்கு."

எவ்வளவு எளிய பலகாரம் என்று பாருங்கள் தாய்மார்களே! கொத்துக்கறியை நீர் வடியப் பிழிந்தாள். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, சோம்பும் பட்டையும் பொடித்துப் போட்டு, பொட்டுக்கடலை மாவு தூவி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தாள். உருட்டினாள். உடையாமல் இருக்கச் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி மேல்தோலைச் சிவக்க வைத்தாள். தக்காளியும் காய்ந்த மிளகாயும் அரைத்து, கொஞ்சம் புளி, கொஞ்சம் வெல்லம் கரைத்து மேலே ஊற்றினாள். மூடினாள். முடிந்தது வேலை!

"நாலு மணி நேரம். ஆரும் மூடியத் தொறக்கக் கூடாது. தொறந்தா சூடு போயிரும், மறுக்கா ஏறவே நேரமாகும்" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால், தமிழன் சும்மா இருப்பானா?

முதலில் வந்தார் குப்பண்ணன். காதை வைத்துக் கேட்டார். "ஏப்பா ஆனந்தா, கொதிக்கற சத்தமே இல்லியே? கரண்டு வருதா?" போர்வெல் மோட்டாருக்கு வைத்திருக்கும் டெஸ்டரைக் கொண்டுவந்து பிளக்கில் வைத்துப் பார்த்தார். கரண்டு இருந்தது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. திறந்தார். பார்த்தார். மூடினார். அடுத்து அக்காள் உப்புப் பார்க்கத் திறந்தார். காரம் பார்க்க ஒரு முறை, மனசு கேட்காமல் ஒரு முறை. பிறகு மச்சான் மீண்டும்! அந்த மூடி அன்று பட்ட பாட்டை, நம் பஞ்சாயத்து ஆபீஸ் கதவுகூடப் பட்டதில்லை.

(பின்வரிசையில் ஒருவர், "உங்க பேச்சும் ஸ்லோ குக்கர்தானுங்க" என்கிறார். இருக்கட்டும் ஐயா. கொஞ்சம் மூடி போட்டுப் பொறுங்கள், வெந்துவிடும்.)

விருந்தினர் வந்தே விட்டார்கள். பெரியம்மாள் அவர்கள் கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில்! மதியச் சாப்பாட்டை உடுமலையிலேயே முடித்துவிட்டாராம். காபி வந்தது. அவர் கணவர் குருசாமி ஐயா தம்ளரை நோக்கிக் கையை நீட்டினார். அம்மையார் ஒரு பார்வை பார்த்தார். நீண்ட கை பாதி வழியில் திரும்பி, மீசையைத் தடவிக்கொண்டது.

மச்சான் பேச்சைத் தொடங்கினார்.

"அப்பறம், ஏலக்கா வெலையெல்லாம் எப்படீங்க?"

"இருக்கு" என்றார் பெரியம்மாள்.

"மழை?"

"பெய்யுது."

அதற்கு மேல் மலையிலும் விஷயம் இல்லை, மச்சானிடமும் இல்லை. மாப்பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "யானை எறங்குறதுக்குள்ள காட்டத் தாண்டணும், கெளம்புவமா?" என்றார் அம்மையார். அவர் அன்று அப்படியே எழுந்து போயிருந்தால், இந்த மண்டபம் ஏது? இந்த மாலை ஏது? இந்த மாப்பிள்ளைதான் ஏது?

அதே நேரம் அடுக்களையில் ஒரு பூசல். உருண்டையின் உள்ளே இன்னும் சிவப்பு. அக்காள் அதைக் குழம்போடு கேஸ் அடுப்புக்கு மாற்றப் பார்க்கிறார். "கொதிக்க உட்டா ஒடைஞ்சு கொத்துக்கறியாயிரும்மா!" என்று யோகப்பிரியா தடுக்கிறாள். "இது ஒண்ணுதான் நா செஞ்சது. இதுவும் போச்சு!" பொறுக்காத அக்காள் மறுபடியும் மூடியில் கை வைக்கிறார்.

"மூடிய மூடுங்க மதினி!"

வாசற்படியில் பெரியம்மாள்! எப்போது எழுந்தார், எப்படி வந்தார், யாருக்கும் தெரியாது. சமையல் தெரிந்த கை அல்லவா? சட்டி ஒன்று சீரழிவதைக் காது கேட்டும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "தொறந்து தொறந்து பாத்தா எப்பிடி வேகும்? நகருங்க." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூடிக்குக் காவலாய் உட்கார்ந்தே விட்டார்.

அவையோரே, அவர் சொன்ன சொல்லைக் கவனித்தீர்களா? மதினி! அதுவரை "அவுக", "இவுக" என்று எட்டி நின்ற வாயில், கோபத்தில் நழுவி விழுந்த உறவுச் சொல்! அதை என் அக்காளும் கவனித்தார். எதிரே இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நடுவில் குக்கர். அது கொதிக்கவும் இல்லை, கூவவும் இல்லை. அந்த அமைதியில்தான் அக்காளுக்குத் தைரியம் வந்தது.

"அன்னிக்கு வெரதமெல்லாம் இல்லீங்க. வளைவுல தலை கிறுகிறுன்னு சுத்தி... வந்ததும் உங்க ஸ்டோருக்குப் பொறத்தால வாந்தி எடுத்துப் போட்டனுங்க. பொண்ணுக் குடுக்க வந்த எடத்துல இதைப் போயி எப்படிச் சொல்றதுன்னு..."

பெரியம்மாள் அவரை உற்றுப் பார்த்தார். "வாந்தியா?"

"ஆமாங்க."

"அட, இம்புட்டுத்தானா! இதச் சொல்றதுக்கென்ன வெக்கம்? நான் வாக்கப்பட்டு மலையேறுன அன்னிக்கு, ஜீப்புல இவுக பட்டு வேட்டியிலயே எடுத்தேன். இவுக அப்பிடியே தாலி கட்டுன கோலத்தோட எறங்கிச் சுனைத் தண்ணியில அலசுனாக!"

(குருசாமி ஐயா, துண்டால் முகத்தை மூடாதீர்கள். வரலாறு உங்களைப் போற்றும்!)

அடுக்களையிலிருந்து கிளம்பிய சிரிப்பில், கூடத்தில் இருந்த நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். எட்டிப் பார்த்தால், இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பேச்சு தொடர்ந்தது. பேரப்பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரை போய்விட்டது. குக்கர் கொடுத்த அவகாசம் அது! வேகமாய் வேகும் அடுப்பாக இருந்திருந்தால், "சாப்பிடுங்க", "வேண்டாம்" என்று இரண்டே சொல்லில் முடிந்திருக்கும்.

உருண்டை வெந்தது. ஆனால் சத்தியம்? அம்மையார் முகம் வாடியது. "தெருவே கேக்கச் சொல்லிட்டேனே மதினி. நீங்க வந்து எங்க வீட்டுல சாப்புடாம நான் எப்பிடிக் கை நனைக்க? சொன்ன சொல்ல மாத்துனா நாளைக்கு எவ மதிப்பா?"

யோகப்பிரியா தட்டை நீட்டினாள். பளபளவென்று சாறு பூசிய உருண்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பல்குத்தும் குச்சி, கொடிக்கம்பம் போல்! பார்ட்டிகளில் அப்படித்தான் வைப்பார்களாம்.

பெரியம்மாள் தட்டைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ மருமகளே, இதக் குச்சியோடயே எடுத்துத் திங்கிறதா?"

"ஆமாங்கத்தை."

"அப்ப இதுல கை எங்க நனையுது?"

எடுத்தார்! வாயில் போட்டார்! நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, நீதியரசரைப் போல் தீர்ப்பளித்தார். "உப்பு ஒரு கல்லு கம்மி." சம்பந்தி வாயால் இதைவிடப் பெரிய சம்மதம் உண்டா? எத்தனை சாப்பிட்டார் என்று நான் எண்ணவில்லை. எண்ணியவர் மச்சான் குப்பண்ணன். தனக்கு மிஞ்சுமா என்ற கவலை அவருக்கு! குருசாமி ஐயா, ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

அதற்கடுத்த வாரமே அக்காள் முன்சீட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையேறினார். இலை போட்டு, கை நனைய, முழங்கை நனைய உண்டார். பிறகுதான் பத்திரிகை அடித்தோம்.

என் அருமை மணமக்களே! ஒரு வாந்தியைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாழ்வையே இழக்க இருந்தோமே! மலை பிரிக்கவில்லை நம்மை, காடு பிரிக்கவில்லை, செக்போஸ்ட் பிரிக்கவில்லை. சொல்லாமல் விழுங்கிய ஒரு சொல் அல்லவா பிரிக்கப் பார்த்தது! ஆகவே சொல்லுங்கள்! தலை சுற்றினால் சுற்றுகிறது என்று சொல்லுங்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். கோபம் என்றால் கோபம் என்று சொல்லுங்கள். நல்லவற்றை மட்டும் பேசுவதற்கு மேடை போதும். வெட்கமானதையும் பேசுவதற்குத்தான் ஐயா வீடு!

இப்போது அந்த இரு தாய்மாரையும் மேடைக்கு அழைக்கிறேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அவர்கள் மணமக்களை வாழ்த்த வேண்டும். எங்கே? முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளும் காலியாக இருக்கின்றனவே! இப்போதுதானே இருந்தார்கள்?

என்னம்மா சொல்கிறீர்கள்? கொஞ்சம் சத்தமாக...

அவையோரே, தகவல் வந்திருக்கிறது. பாயசத்துக்கு ஏலக்காய் பத்தாது என்று ஒருவரும், தேங்காய்ப் பால் பத்தாது என்று ஒருவரும், சமையற்கட்டில் மாஸ்டரை நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். அவருக்கு எதிராக இரண்டு பேரும் ஒரே கட்சியாம்!

இதைவிட என்ன வாழ்த்து வேண்டும் இந்த மணமக்களுக்கு? பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும், போதும் என்று சைகை காட்டாத பெரியவர்களுக்கும், சிரித்துத் தந்த தாய்மார்களுக்கும் என் நன்றி. மாஸ்டரைக் காப்பாற்ற ஆள் தேவைப்படுவதால் நான் விடைபெறுகிறேன். எல்லோரும் வாங்க, இருந்து உண்டு போங்க! வணக்கம்!