ஒன்பதாவது கையெழுத்து

– பட்டிக் கேட்ட இழுத்துப் பிடி டெஸ், ஆடு வெளிய பாயுது! அந்தப் பேப்பர இடுப்புல சொருகிக்க. கையெழுத்து கெடையாதுன்னு சொல்லியாச்சு, இன்னும் என்ன?

– பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன். ஆனா நியாயமாச் சொல்லு மெர்ல். எட்டு ஊரு மேயரும் போட்டாச்சு. பாக்கி உன் கெர்ராபின் ஒண்ணுதான். சாயந்தரம் அஞ்சு மணி தாண்டினா காத்தாலைக் கம்பெனிக்காரன் கெளம்பிடுவான்.

– கெளம்பட்டும். வழி தெரியலன்னா நான் கொண்டு போயி விடுறேன்.

– தெருவிளக்கு, நீச்சல்குளம், தண்ணி பம்புன்னு ஒன்பது கவுன்சிலும் மொத்தமா வாங்கினாத்தான் அவன் கரண்டு குடுப்பான். ஒரு ஊரு விலகினாலும் அளவு பத்தாது. மறுபடி பத்து வருஷத்துக்கு நிலக்கரிப் புகைதான்.

– மொத்தமா! அந்த ருசி எங்களுக்கு நல்லாத் தெரியும்ப்பா. பதினாலு வருஷம் எங்க கவுன்சில உங்க விர்ராகுல்லாவோட ஒட்டித்தானே வெச்சிருந்தாங்க? தலைநகர்ல எவனோ உக்காந்து மேப்புல ஒரு கோட்ட அழிச்சான். மறுநாளே உங்க ஆளுங்க வந்து எங்க ரோடு போடுற வண்டிய ஓட்டிட்டுப் போனாங்க. நூலகத்தப் பூட்டினீங்க. ஊர்ப் பேர்ப்பலகையக் கூட விட்டு வைக்கல.

– அப்ப நான் மேயர் இல்லம்மா தாயே. மருந்துக்கடைல மாத்திரை எண்ணிட்டு இருந்தேன்.

– எண்ணிக்கிட்டே வேடிக்கை பாத்தே.

– பாத்தேன். தப்புதான். நீ வீடு வீடா ஏறி இறங்கி, ஓட்டெடுப்பு நடத்தி, பிரிஞ்சு போனப்ப மனசுக்குள்ள கை தட்டினேன். போதுமா? இந்த ஆட்ட எந்தப் பக்கம் விடணும்?

– காதுல மஞ்ச வில்லை இருந்தா இடது பக்கம். ஐயய்யோ, அது வலது! இடது வலது தெரியல, காத்துல கரண்டு எடுக்க வந்துட்டாரு பெரிய ஊரு மேயரு.

– கிண்டல் பண்ணு, பரவால்ல. ஆனா நியாயமாப் பாரு, இது இணைப்பு இல்ல. அவங்கவங்க கவுன்சில் அவங்கவங்களுக்கு. கரண்டு மட்டும்தான் ஒரே இடத்துல இருந்து. உன் கவுன்சில்ல ஏழு பேர்ல அஞ்சு பேரு சரின்னுட்டாங்க. பேனா உன் கையில இருக்கு. நீ எதுக்கு முரண்டு பிடிக்கிறே? அதுவும் ஜனவரில, ஆஸ்திரேலியா தினத்தன்னிக்கு, அந்தக் காட்டுத்தீ வந்ததுக்கு அப்புறம்?

– தீயப் பத்திப் பேசாத.

– பேசுவேன். மருந்துப் பெட்டியோட வந்தவன் நான், என் கண்ணால பாத்தேன். வெந்து கெடந்த ஆடுங்கள நீயேதானே ஒவ்வொண்ணாச் சுட்டே? என்னைக் கூட துப்பாக்கியத் தொட விடல.

– டெஸ், போதும்னு சொல்றேன்ல.

– போதாது. வருஷா வருஷம் வெயில் ஏறிட்டே போகுது, நீ என்னன்னா பழைய பகையக் கட்டிக்கிட்டு அழுறே...

– பகையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! பாலம்யா. பாலம்.

– என்ன பாலம்?

– அந்தத் தீயில எரிஞ்சுதே, எங்க மரப்பாலம். பத்து மாசமா ஸ்கூல் பஸ்ஸு நாப்பது கிலோமீட்டர் சுத்துது. எங்க ஊரு ஓவன் கிரிகோரிக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் பொண்டாட்டி மூஞ்சிய நான் தெனமும் பாக்குறேன். இந்த நேரத்துல மந்திரி ஆபீஸ்ல இருந்து பிரெஸ்காட்னு ஒருத்தன் கூப்புட்டான். இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடாம இருந்தா புதுப் பாலம் உங்களுக்குத்தான்னான். நிலக்கரிக்காரங்க மனசு நோகக் கூடாதாம். எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, கேட்டுக்க. அதச் சொல்ல வாய் வரல, அதான் பழசையெல்லாம் கிளறினேன். ஏன்யா சிரிக்கிற? கேட்ட விட்டுட்ட பாரு!

– சிரிக்கல மெர்ல். இந்த வருஷம் ஒரே ஒரு பாலத்துக்குத்தான் பணம் இருக்கு, வெளிய மூச்சு விடாதீங்கன்னானா?

– உனக்கெப்படித் தெரியும்?

– எங்கிட்டயும் அதேதான் சொன்னான். எங்க ஆத்துப் பாலத்துக்கு. ரெண்டு வாரம் பேனாவத் தொடாம உக்காந்திருந்தேன். உனக்குத் தெரிஞ்சா காறித் துப்புவியேன்னு வாயத் தெறக்கல. கடைசில மனசு கேக்கல, பாலம் போனாப் போகட்டும்னு போட்டுட்டேன்.

– அடப்பாவி!

– இன்னும் இருக்கு. போன மாசம் டிம்பூங் மேயர் லோர்னா சொன்னா, எவனோ போன்ல எங்களுக்குப் பாலம் தர்றேன்னு சொல்றான்னு. அப்ப எனக்குப் போன் வந்திருக்கல, வெளையாட்டுக்குச் சொல்றாளாக்கும்னு விட்டுட்டேன்.

– டிம்பூங்ல ஆறே கெடையாதேய்யா!

– அதச் சொல்லித்தான் அவளும் சிரிச்சா.

– ஒரே பாலத்த ஊரு ஊராக் காட்டிட்டு வந்திருக்கான், கூடைக்காரன் மாதிரி. நாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசிக்க மாட்டோம்னு அவனுக்கு எவ்வளவு நிச்சயம் பாரு.

– நம்ம லட்சணம் அப்படி இருந்திருக்கு.

– எடு அந்தப் பேப்பர. எங்க போடணும்?

– கடைசிப் பக்கம், கீழ. அடடா, சாணிக் கை!

– படட்டும். இந்தா, போட்டாச்சு.

– நியாயமாச் சொல்லு மெர்ல், கோவத்துல போட்டியா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க கதி? உன் பாலம் போச்சே.

– போச்சுன்னு யாரு சொன்னா? அந்தப் போனக் குடு.

– யாருக்கு? லோர்னாவுக்கா?

– அவளுக்கும் மத்தவங்களுக்கும் அப்புறம். மொதல்ல இவனுக்கு. நீ கேட்ட விடாம நில்லு.

– கொஞ்சம் யோசிச்சுப் பேசும்மா. மந்திரி ஆபீஸு.

– ஹலோ, பிரெஸ்காட்டுங்களா? மெர்ல் டல்லாக் பேசுறேன். இல்லைங்க, கெர்ராபினுக்காக மட்டும் இல்ல, ஒன்பது ஊருக்கும் சேத்துத்தான் பேசுறேன். நீங்க வாக்குக் குடுத்த பாலத்தையெல்லாம் எந்த ஊர்ல இருந்து கட்ட ஆரம்பிக்கிறீங்க?