அசையாத கை

நீங்கள் இடது பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறீர்கள், மேடம். இடுப்பில் வலி இருக்க வேண்டும். இரவில் புரண்டு படுக்கும்போது சுரீரென்று இழுக்குமே? நாற்காலி உயரம் அதிகம், அதுதான் காரணம். காலுக்கடியில் ஒரு சின்னப் பலகை போட்டுக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். மன்னிக்கவும், தொழில் புத்தி. நான் பிசியோதெரபிஸ்ட். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் முதுகெலும்புதான் கண்ணில் படுகிறது.

என் தங்கையின் சைக்கிள் விபத்தை விசாரித்து முடித்துக் கோப்பை மூடிவிட்டதாக வெளியில் இருந்த காவலர் சொன்னார். "அதான் முடிஞ்சு போச்சேம்மா, எதுக்கு மறுபடி அலையறீங்க?" என்று கரிசனமாகத்தான் கேட்டார். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஏரியைச் சுற்றி ஒரு சாலை போகிறதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வந்து பாருங்கள். லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு பக்கம் நாணல், மறுபக்கம் வேலி போட்ட பண்ணைகள். வெயில் ஏறும்வரை தண்ணீர்மேல் பனி புகை மாதிரி நிற்கும். அழகான இடம்தான். ஆனால் காற்று பொல்லாதது. அத்தனை தண்ணீரையும் தாண்டி ஒரு தடையும் இல்லாமல் வந்து, நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அதனால் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிக்கொண்டுதான் ஓட்டுவோம். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஊரெல்லாம் ஏரிக்குக் காற்று வாங்கப் போகும். நான் காற்றைத் தடுக்கப் போனேன்.

எப்போதும் முன்னால் நான். பின்னால் என் தங்கை. சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்காக அவளுக்கு வாலு என்று பெயர் வைத்தேன். அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்குப் பின்னால், மூன்றாவதாக, ஒரு பல் டாக்டர் வருவார். வாய் ஓயாத மனிதர்.

"வாலு, பேருக்கேத்த மாதிரி எப்பவும் பின்னாடியே வர்றியே. ஒரு நாளாவது தலைமை தாங்கிக் காட்டேன்."

"டாக்டர், நீங்க எனக்கும் பின்னாடி வர்றீங்க. அப்ப உங்களை என்னன்னு கூப்பிடறது?"

நான் திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொள்வேன். முன்னால் போகிறவர் திரும்பக் கூடாது.

அம்மா இறந்தபோது வாலு ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. அப்பா வேறொரு குடும்பம் தேடிக்கொண்டார். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவர் இருந்திருந்தால் இடைஞ்சல்தான். தலை பின்னிவிட்டது, காய்ச்சலுக்குக் கண் விழித்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் நான்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டே கூட ஓடினேன்.

"விட்டுட்டியாக்கா?"

"விடலடி."

"இப்ப?"

"விடலடி."

எல்லோரும் ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார்களாம். நான் எடுக்கவில்லை.

வரிசையாக ஓட்டும்போது ஒரு விஷயம் முக்கியம், மேடம். பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. என் முதுகும் என் பின்சக்கரமும்தான் தெரியும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அதனால் முன்னால் போகிறவர் கை காட்ட வேண்டும். பள்ளம் என்றால் விரல் கீழே சுட்டும். சரளைக்கல் என்றால் விரித்த கை மெல்ல ஆடும். கையே அசையவில்லை என்றால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு: பாதை சுத்தம், தைரியமாக வா.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாய் குறுக்கே பாய்ந்து வாலு விழுந்தாள். காறை எலும்பு முறிந்தது. கழுத்தடியில் குச்சி மாதிரி இருக்குமே, அது. அது நிஜமாகவே விபத்து. தயவுசெய்து அதை இதோடு சேர்க்காதீர்கள். அப்போது அவளுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்திருந்தது, கட்டட வரைபடம் போடுகிற வேலை. கையில் கட்டுப்போட்டிருக்கும்போது எப்படிப் போவாள்? நான் ஊட்டிவிட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். இருவரும் சாய்ந்து உட்கார்ந்து பழைய படங்கள் பார்த்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

ஆறு வாரத்தில் கூடுகிற எலும்பு அது. கட்டைப் பிரித்ததும் தோளுக்குப் பயிற்சி ஆரம்பித்திருக்க வேண்டும். நான் கொஞ்சம் தாமதித்தேன். தாமதித்தால் தோள் இறுகிக்கொள்ளும் என்பது முதல் வருஷப் பாடம். இறுகிக்கொண்டது. வலி தாங்காமல் என் மடியில் தலைவைத்துப் படுப்பாள், நான் தடவிக் கொடுப்பேன். அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அவளைவிட எனக்குத்தான் வருத்தம். இதைச் சொல்லும்போது உங்கள் பேனா நின்றுவிட்டதே, மேடம். எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இந்த வருஷம் மாப்பிள்ளை வந்தார். பாலம் கட்டும் எஞ்சினியர், கடல் தாண்டி வேலை. நல்ல மனிதர். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பதிவுத் திருமணம், அடுத்த வாரமே விமானம் என்று முடிவாயிற்று. வாலு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டிலில் துணி மடித்தாள். நான் கம்பளிகளை எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, தனியா இருந்துக்குவியா?"

"எனக்கென்னடி. நீதான் அங்க போய் யார் பின்னாடி ஓட்டுவ?"

"அங்க நான்தான் முன்னாடி. அவருக்கு பேலன்ஸே வராது, தெரியுமா? நான் சீட்டைப் பிடிச்சுட்டு ஓடணும்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கொஞ்ச தூரம் ஓடிட்டு விட்டுருவேன். ரெண்டு தடவை விழுந்தாத்தான் வரும்."

"நான் உன்னை விட்டதே இல்லையே."

"ஆமா. அதனாலதான் எனக்கு வர்றதுக்கு அத்தனை நாளாச்சு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். என் கையில் இருந்த கம்பளியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

அந்த வாரம் ஒரு மாலையில் தனியாக ஏரிக்குப் போனேன். பம்ப் ஹவுஸ் வளைவில் மழைத்தண்ணீர் வடிய, கம்பி போட்ட ஓர் இரும்பு மூடி உண்டு. கம்பிகள் சாலை போகிற வாக்கிலேயே ஓடும். அதில் நடுக்கம்பி ஒன்றைக் காணவில்லை. இறங்கி, என் டயரை அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் பக்கத்து வேலியிலேயே எழுதியிருந்தது. திங்கட்கிழமை கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. வாலுவுக்கு அங்கே அதுதான் கடைசிச் சுற்று. டாக்டர் வழக்கம்போல் வம்பு பேசிக்கொண்டு வந்தார். "வாலு போயிட்டா நான் யாரு பின்னாடி ஒளிஞ்சுக்கறது?" என்று புலம்பினார். அன்று காற்று பலமாக இருந்தது. நான் குனிந்து மிதித்தேன். படகுத்துறைப் பக்கம் ஒரு பள்ளம் வந்தது, கை காட்டினேன். மரத்தடியில் சருகு கிடந்தது, கை காட்டினேன். பம்ப் ஹவுஸ் வளைவு வந்தது. மூடியை நோக்கி நேராகப் போய், கடைசி நொடியில் இடுப்பை மட்டும் வளைத்து என் சக்கரத்தை ஒதுக்கினேன்.

கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது.

அவ்வளவுதான், மேடம். நான் தள்ளவில்லை, பிரேக்கில் கைவைக்கவில்லை. செய்தது என்று ஒன்றுமில்லை, செய்யாதது ஒன்று இருக்கிறது. ஆனால் பாதை சுத்தம் என்று அந்தக் கை அவளிடம் சொன்னது. அவள் நம்பி வந்தாள்.

என் கணக்கு காறை எலும்பு. சைக்கிளில் விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் முறியும். டிக்கெட் காலாவதியாகும், கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அதற்குள் மனசு மாறினாலும் மாறும். வளைவின் ஓரத்தில் நட்டிருந்த எல்லைக்கல்லை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் அதன்மேல் முதுகு மோத விழுந்தாள்.

கத்தவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னாள், ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி. நான் பக்கத்தில் மண்டியிட்டு, யாரும் அவளைத் தூக்கக் கூடாது என்று டாக்டரைத் தடுத்தேன். காலணியைக் கழற்றி விரல்களை அசைக்கச் சொன்னேன். ஒரு கால் பெருவிரல் மட்டும் லேசாக அசைந்தது. அப்போது நான் அழுதேன். அந்த அழுகையை நடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. "அக்கா கை காட்டினாங்க, என் கண்ணால பார்த்தேன்" என்று டாக்டர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அத்தனை வருஷமாக அந்தக் கையைப் பார்த்துப் பழகிய கண், அன்றைக்கும் பார்த்துவிட்டது. வாலு அதற்கும் மேலே போனாள். மருத்துவமனையில் கண் விழித்ததும் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீ காட்டியிருப்ப, நான்தான் எங்கேயோ பராக்கு பார்த்துட்டேன். உன்னை அழ வெச்சுட்டேன்லக்கா?"

"பேசாம படுடி," என்றேன்.

பத்து வாரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். இந்தத் தடவை பயிற்சியில் ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படி வைத்திருந்தாலும் கண்டுபிடிக்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாள் பிடிக்கும், ஆனால் நடந்துவிடுவாள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை கைவிட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, மருத்துவமனை வராந்தா பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தார். போன வாரம் என்னிடம் வந்து, "எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேங்க. அங்க இதுக்குன்னே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. சனிக்கிழமை கிளம்பறோம்," என்றார். நானும் கூட வருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். வாலுதான் மறுத்தாள்.

"வேணாம்க்கா. எனக்காக நீ பட்டதெல்லாம் போதும். அங்க வேற பிசியோ பார்த்துக்குவாங்க. நீ இனிமேலாவது உனக்குன்னு கொஞ்சம் இரு."

எனக்கென்று இருப்பது எப்படி என்று அவளிடம் கேட்கவில்லை.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மனசாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். நேற்று முழுக்க யோசித்ததில் இதுதான் சரி என்று பட்டது. அவளுக்கு உண்மை தெரிய வேண்டும், அது அவளுடைய உரிமை. தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். மூடி உடைந்திருந்தது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தே அதன்மேல் அவளைக் கூட்டிப்போனேன், தெரிந்தே கை காட்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு வியாழக்கிழமை. வழக்கை நாளைக்குள் பதிவு செய்துவிடுவீர்கள் அல்லவா? வழக்கு முடிகிறவரை முக்கியமான சாட்சி இந்த ஊரைவிட்டுப் போக முடியாது என்கிறார்களே, அது உண்மைதானே, மேடம்?